வாசிக்கவும் எழுதவும் திணறும் மாணவர்களுக்கான உதவித் தொழில்நுட்பம்: ஓர் எளிய அறிமுகம்

பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் ஒரு மாணவர் அதை நன்றாகப் புரிந்துகொள்கிறார். கேள்வி கேட்டால் வாயால் தெளிவாகப் பதில் சொல்கிறார். ஆனால் அதே பாடத்தைத் தாமே வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்கிறார், அதே பதிலை எழுதும்போது இரண்டு வரிக்கு மேல் நகர முடியாமல் தவிக்கிறார். இப்படிப்பட்ட மாணவர்கள் ஏறக்குறைய எல்லா வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்றோ கவனமில்லாதவர் என்றோ முத்திரை குத்துவது எளிது. பெரும்பாலும் அது தவறு. அவர்கள் அறிந்ததற்கும் தாளில் தெரிவதற்கும் நடுவே ஏதோ ஒரு படியில் அடைப்பு இருக்கிறது. அந்தப் படியைக் கடக்கத் துணை நிற்கும் பொருள், கருவி, மென்பொருள் எதுவாக இருந்தாலும் அதை உதவித் தொழில்நுட்பம் என்கிறோம்.

இந்தச் சொல்லின் வீச்சு மிகப் பெரியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட அறிக்கை, ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல் இருப்பதாக மதிப்பிட்டது. சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி ஆகிய எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இக்கட்டுரை அதில் ஒரு சிறு பகுதியை, அதாவது வாசிப்புக்கும் எழுத்துக்கும் துணை செய்வனவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இவற்றில் கணினியும் கைபேசியும் மட்டுமல்ல, ஒரு வரியை மட்டும் காட்டி மற்ற வரிகளை மறைக்கும் அட்டைத் துண்டும் அடங்கும். விலையோ புதுமையோ ஒரு கருவியின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. அடைப்பு எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படிக்கு அது பொருந்துகிறதா என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தப் படிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வாசிப்பில் எந்தப் படி அடைபடுகிறது?

ஃபிலிப் கோஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பைப் பற்றி மிக எளிய ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது இரண்டு திறன்களின் பெருக்குத்தொகை என்பது அவர்கள் கருத்து: அச்சிட்ட எழுத்துகளைக் கண்டு அவற்றைச் சொற்களாக அடையாளம் காணும் திறன் ஒன்று, அந்தச் சொற்களைக் காதால் கேட்டால் பொருள் விளங்கிக்கொள்ளும் மொழித்திறன் மற்றொன்று. இங்கே கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று மிகவும் குறைந்துபோனால், மற்றொன்று எவ்வளவு வளமாக இருந்தாலும் விளைவு பூச்சியத்தை நெருங்கிவிடும்.

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதல் திறனில்தான் சிக்கல். ஒரு சொல்லை அதன் சிற்றொலிகளாகப் பிரித்து உணர்வதும், எழுத்தையும் ஒலியையும் சட்டெனப் பொருத்துவதும் அவர்களுக்குக் கடினமாக இருக்கின்றன. அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 1896-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பல ஆண்டுகள் கற்றும் அவனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. ஆனால் பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் மிகவும் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியர் சிக்கலைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அவர் விரும்பிய வாய்மொழி வழியைத் தனி மாணவருக்கு அமைத்துத் தரும் கருவிதான் அன்று இல்லை.

தமிழாசிரியர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய பொருத்தம் உள்ள இத்தாலியம், ஜெர்மன், ஃபின்னியம் போன்ற மொழிகளில், டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் சில ஆண்டுப் பயிற்சிக்குப் பின் பெரும்பாலும் பிழையின்றியே வாசிக்கிறார்கள். ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறார்கள். தமிழ் எழுத்தும் ஆங்கிலத்தைவிட ஒலிக்கு நெருக்கமானது. ஆகவே ஒரு குழந்தை எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்துவிடுகிறது என்பதாலேயே அதற்குக் குறை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு பத்தியை முடிப்பதற்குள் முதல் வாக்கியம் மறந்துபோகும் அளவுக்கு வாசிப்பு மெதுவாக இருந்தால், அங்கேயும் துணை தேவைப்படுகிறது.

எழுதும்போது படிகள் இன்னும் அதிகம். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், அதை வரிசைப்படுத்த வேண்டும், வாக்கியமாக்க வேண்டும், எழுத்துப்பிழை இல்லாமல் சொல்லை நினைவிலிருந்து எடுக்க வேண்டும், கையால் வடிவம் கொடுக்க வேண்டும், இத்தனையையும் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த கருத்தை மறக்காமல் மனத்தில் பிடித்துவைத்திருக்க வேண்டும். தேர்ந்த எழுத்தாளருக்குக் கையெழுத்தும் எழுத்துக்கூட்டலும் தன்னியல்பாக நடந்துவிடுவதால் மனம் முழுவதும் கருத்தில் நிற்கிறது. டிஸ்கிராஃபியா எனப்படும் எழுதுதல் குறைபாடு உள்ள மாணவருக்கோ, எழுத்தின் வடிவத்துக்கும் சொல்லின் எழுத்துகளுக்குமே மனத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அதனால்தான் வாயால் பத்து நிமிடம் பேசக்கூடியவர் தாளில் இரண்டே வரி எழுதுகிறார். இந்தப் படிகளில் ஒன்றையோ இரண்டையோ மாணவரின் தோளிலிருந்து இறக்கிவைத்து, மற்றவற்றில் அவர் கவனம் செலுத்த இடம் தருவதே உதவித் தொழில்நுட்பத்தின் வேலை.

கண்ணால் வாசிப்பதைக் காதாலும் வாசித்தல்

வாசிப்புக்கான கருவிகளில் முதலிடம், உரையைப் பேச்சாக்கும் மென்பொருளுக்கு உரியது. திரையில் உள்ள எழுத்தைக் கணினிக் குரல் வாசித்துக் காட்டும். பெரும்பாலானவற்றில் வாசிக்கப்படும் சொல் அதே நேரத்தில் வண்ணத்தால் ஒளிர்ந்து காட்டப்படும். அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் 1976-இல் அறிமுகப்படுத்திய வாசிப்பு இயந்திரம் இதற்கு முன்னோடி. அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து, எழுத்துகளை அடையாளம் கண்டு, உரக்க வாசித்த அந்த இயந்திரம் பார்வையற்றோருக்காக உருவானது. ஒரு மேசையை நிறைத்த அந்த வேலையை இன்று சட்டைப் பையில் உள்ள கைபேசி செய்கிறது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அமைப்புகளுக்குள் இருக்கும் அணுகல்தன்மைப் பகுதியில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் இம்மர்சிவ் ரீடர் உரையை வாசித்துக் காட்டுவதோடு வரிகளை அகலப்படுத்தவும், ஒரு நேரத்தில் ஒன்று, மூன்று அல்லது ஐந்து வரிகளை மட்டும் காட்டவும் செய்கிறது. வாங்கப் புறப்படுவதற்கு முன், கையில் இருப்பதைத் திறந்து பார்ப்பது நல்லது.

கருவி என்ன செய்கிறது என்பது தெரிந்தால் அதன் பிழைகளும் புரியும். மென்பொருள் முதலில் உரையை ஆராய்ந்து, எண்களையும் சுருக்கங்களையும் சொற்களாக விரிக்கிறது. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய ஒலிகளை முடிவு செய்கிறது. அதன் பின் எங்கே நிறுத்துவது, எங்கே குரலை ஏற்றி இறக்குவது என்று கணித்து ஒலியை உருவாக்குகிறது. தமிழில் இரண்டாம் படி சுவையானது. பக்கம், பகல், பங்கு ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் இருந்தாலும் ஒலி வேறு வேறு. இது இலக்கண விதிப்படி வருவதால் கணினியால் எளிதாகக் கற்க முடிகிறது. ஆனால் தீவினையைக் குறிக்கும் பாவமும் நடனத்தில் வரும் பாவமும் எழுத்தில் ஒன்றே. எது எந்த ஒலி என்பதைச் சூழலைக் கொண்டே அறிய வேண்டும். பிறமொழிப் பெயர்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். கணினிக் குரல் ஒரு பெயரைத் தவறாக உச்சரிக்கும்போது மாணவர் அதையே சரியென்று கற்றுக்கொள்ளாமல் இருக்க, புதிய பாடத்தின் முக்கியப் பெயர்களை ஆசிரியர் ஒருமுறை தம் வாயால் சொல்லிக் கொடுத்துவிடுவது போதும்.

இதனால் பயன் உண்டா? உண்டு, ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, உரையை வாசித்துக் காட்டும் கருவிகள் புரிதலை மேம்படுத்துகின்றன என்றும், அந்த முன்னேற்றம் சிறியதிலிருந்து மிதமான அளவு வரை இருக்கிறது என்றும் கண்டது. எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் கிடைக்காது என்பதில் வியப்பில்லை. முன்பு சொன்ன பெருக்கலில் இந்தக் கருவி முதல் எண்ணைத்தான் உயர்த்துகிறது. காதால் கேட்டாலும் ஒரு மாணவருக்குப் பாடம் புரியவில்லை என்றால் சிக்கல் இரண்டாவது எண்ணில், அதாவது சொல்வளத்திலும் மொழியறிவிலும் இருக்கிறது. அங்கே இந்தக் கருவியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எல்லாவற்றையும் இயந்திரம் வாசித்துக் காட்டினால் குழந்தை வாசிக்கவே கற்றுக்கொள்ளாமல் போய்விடாதா? நியாயமான அச்சம்தான். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கீத் ஸ்டானோவிச் என்னும் உளவியலாளர் 1986-இல் விளக்கியது போல, நன்றாக வாசிப்பவர் மேலும் வாசிக்கிறார், அதனால் அவருடைய சொல்வளமும் பொதுஅறிவும் வளர்கின்றன, அதனால் வாசிப்பு இன்னும் எளிதாகிறது. வாசிக்கத் திணறுபவர் வாசிப்பைத் தவிர்க்கிறார், அதனால் ஒவ்வோர் ஆண்டும் பின்தங்குகிறார். எழுத்துக்கூட்டக் கற்று முடிக்கும் வரை அறிவியலையும் வரலாற்றையும் கதைகளையும் ஒரு குழந்தைக்கு மறுத்தால், எழுத்துக்கூட்டக் கற்ற நாளில் அதற்குப் புரிந்துகொள்ளத் தேவையான சொற்கள் இருக்காது. ஆகவே இரண்டு வேலைகளையும் பிரித்து நடத்துவதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாசிக்கக் கற்கும் நேரத்தில், எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிக்கும் பாடம் கருவி இல்லாமல் நடக்கட்டும். பாடப்பொருளைக் கற்கும் நேரத்தில் கருவி தாராளமாக வாசிக்கட்டும். கற்பித்தலின் இடத்தைக் கருவி பிடித்துக்கொள்ளக் கூடாது. கற்பித்தல் முடியட்டும் என்று சொல்லிக் கருவியைத் தள்ளிப்போடவும் கூடாது.

பயன்படுத்தும் முறையிலும் சில நுணுக்கங்கள் உள்ளன. தொடக்கத்தில் குரலின் வேகத்தைக் குறைத்துவைத்து, பழகப் பழகக் கூட்ட வேண்டும். மாணவர் கேட்டுக்கொண்டே கண்ணாலும் வரியைத் தொடர்ந்தால் சொல்லின் வடிவமும் ஒலியும் சேர்ந்து பதிய வாய்ப்புண்டு. எனினும் சிலருக்கு இரண்டையும் ஒருசேரச் செய்வது சுமையாக இருக்கும், அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஒரு பத்திக்குப் பின் நிறுத்தி, கேட்டதைத் தம் சொற்களில் சொல்லிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உதவும், ஏனெனில் குரல் யாருக்காகவும் காத்திருக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அச்சுப் பக்கத்திலிருந்து திரைக்கு

பாடம் திரையில் எழுத்தாக இருந்தால்தான் மென்பொருளால் வாசிக்க முடியும். அச்சுப் புத்தகமாக இருந்தால், படத்தில் உள்ள எழுத்தைக் கண்டறிந்து உரையாக மாற்றும் எழுத்துணரி வேண்டும். பல கைபேசிச் செயலிகள் தமிழ் அச்செழுத்தையும் ஓரளவு நன்றாகவே உணர்கின்றன. நிழல் விழாமல், பக்கத்தைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து படமெடுத்தால் பிழை வெகுவாகக் குறையும். அருகருகே இரண்டு பத்திகளாக அச்சிட்ட பக்கம், அட்டவணை, படத்தைச் சுற்றி ஓடும் எழுத்து ஆகியவற்றில் எழுத்துணரி வரிசையைக் குழப்பிவிடும். அவற்றைப் பகுதி பகுதியாகப் படமெடுப்பது நல்லது. வரியின் மேல் பேனாவைப் போல நகர்த்தினால் அந்த வரியை வாசித்துக் காட்டும் வாசிப்புப் பேனாக்களும் உண்டு. அவை எந்தெந்த மொழிகளை அறியும் என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

தமிழில் இன்னொரு தடை இருக்கிறது. இதைப் பலர் அறியாமலே கருவியைப் பழிக்கிறார்கள். பிடிஎஃப் கோப்பில் பாடம் கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஆனால் மென்பொருள் அதைப் பொருளற்ற ஒலிகளாக வாசிக்கும் அல்லது மௌனமாக இருக்கும். காரணம், அந்தக் கோப்பு, எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி அறியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு முறையில் இல்லாமல் பழைய எழுத்துருக் குறியாக்கம் ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதே. அம்முறைகள் பலவற்றில், திரையில் தமிழாகத் தெரிவது கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். சோதிப்பது எளிது: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, ஒரு குறுஞ்செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் கோப்பு நல்லது. குப்பையாக வந்தால், குறியாக்க மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடாக மாற்ற வேண்டும்; அல்லது பக்கத்தைப் படமாகக் கருதி எழுத்துணரிக்குக் கொடுக்க வேண்டும். பாடக்குறிப்புகள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். கண்ணால் வாசிப்பவருக்கு இதனால் எந்த வேறுபாடும் தெரியாது. காதால் வாசிக்க வேண்டிய மாணவருக்கு அந்தக் குறிப்பு பயன்படுமா படாதா என்பதையே இது தீர்மானிக்கிறது.

ஆயத்த நிலையில் கிடைக்கும் ஒலிநூல்களையும் மறக்க வேண்டாம். 1996-இல் தொடங்கப்பட்ட டெய்சி கூட்டமைப்பு, ஒலியையும் எழுத்தையும் இணைத்து, தலைப்புக்கும் பக்கத்துக்கும் தாவிச் செல்லக்கூடிய நூல் வடிவத்தை வளர்த்தது. சாதாரண ஒலிப்பதிவில் ஐம்பதாம் பக்கத்தைத் தேடி அலைய வேண்டும். டெய்சி நூலில் நேரே போகலாம். பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை முக்கியமானது. அதை ஏற்ற நாடுகள், அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க பிரதிகளை உருவாக்கவும், நாடுகளுக்கிடையே பகிரவும் சட்டத்தில் இடம் தர வேண்டும். இது பார்வையற்றோருக்கு மட்டும் உரியதென்று பலரும் நினைக்கிறார்கள். வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் இதன் பயனாளிகளே.

பக்கத்தின் தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எழுத்துகளுக்கிடையே இடைவெளியை அதிகமாக்கினால் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் வேகமாகவும் பிழை குறைவாகவும் வாசித்ததை, இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரிய எழுத்து, அகன்ற வரி இடைவெளி, குறுகிய வரி ஆகியவற்றைச் செலவின்றி முயன்று பார்க்கலாம். டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்த எழுத்துருக்களுக்கு விளம்பரம் அதிகம். ஆனால் இடைவெளியால் வரும் பயனைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எழுத்தின் வடிவத்தால் வரும் பயனை ஆய்வுகள் பெரும்பாலும் உறுதி செய்யவில்லை. வண்ணக் கண்ணாடிகளும் அப்படியே. டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் கண்ணில் இல்லை என்றும், வண்ண வில்லைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. இவற்றுக்குப் பெரும்பணம் கேட்பவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எழுதுவதற்கான துணைகள்

கையெழுத்து மட்டுமே அடைப்பு என்றால், தட்டச்சு ஒரு நல்ல வழி. ஆனால் விரல்கள் தாமாகவே எழுத்தைத் தேடிச் செல்லும் அளவுக்குப் பழகினால்தான் பயன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டும் மாணவருக்குப் பழைய சுமை வேறு வடிவில் தொடரும். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். தமிழில் எந்த விசைப்பலகை என்பதும் முக்கியம். ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தட்டும் முறை பெரியவர்களுக்குச் சுலபமாகத் தோன்றும். எழுத்துக்கூட்டவே திணறும் குழந்தைக்கோ, தமிழ்ச் சொல்லை முதலில் இன்னொரு மொழியின் எழுத்தில் கூட்ட வேண்டியிருப்பதால் அது இரட்டைச் சுமை. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. மெய்க்குப் பின் உயிரைத் தட்டினால் உயிர்மெய் உருவாகிறது. கையால் எழுதும்போது கொ என்பதில் ஒற்றைக் கொம்பை முதலில் போட்டு, பிறகு ககரம், பிறகு கால் என்று எழுதுகிறோம். காதில் கேட்கும் வரிசையும் கை எழுதும் வரிசையும் அங்கே முரண்படுகின்றன. விசைப்பலகையில் அந்த முரண்பாடே இல்லை. கொம்பை மறக்கும் அல்லது இடம் மாற்றிப் போடும் குழந்தைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

எழுத்துக்கூட்டல்தான் அடைப்பு என்றால், சொல் முன்கணிப்பும் பிழைதிருத்தியும் உதவும். இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியவுடன் சாத்தியமான சொற்களை முன்கணிப்பு காட்டுகிறது. நினைவிலிருந்து முழுச் சொல்லையும் எடுக்க முடியாதவருக்கு, கண்ணெதிரே இருக்கும் பட்டியலிலிருந்து அடையாளம் காண்பது எளிது. பட்டியலையே வாசிக்க முடியாதவருக்குச் சொல்லை ஒலித்துக் காட்டும் வசதியும் சேர்ந்திருக்க வேண்டும். பிழைதிருத்தியின் எல்லையைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். தமிழில் ஒரு வினைச்சொல் விகுதிகளும் துணைவினைகளும் வேற்றுமை உருபுகளும் சேர்ந்து எண்ணற்ற வடிவங்களை எடுப்பதால், எல்லாச் சொற்களையும் பட்டியலிட்டு ஒப்பிடும் எளிய பிழைதிருத்தி சரியான சொல்லையும் பிழையென்று காட்டும். பள்ளி என்பதற்குப் பல்லி என்றும், மனம் என்பதற்கு மணம் என்றும், அறம் என்பதற்கு அரம் என்றும் எழுதினால், அவை எல்லாமே நல்ல சொற்கள் என்பதால் அது பேசாமல் விட்டுவிடும். லகர, ளகர, ழகர வேறுபாட்டையும் ரகர, றகர வேறுபாட்டையும் ஆசிரியர் கற்பித்தே ஆக வேண்டும்.

அடுத்தது பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள். மாணவர் பேசுவதைக் கைபேசியோ கணினியோ எழுத்தாக்கித் திரையில் காட்டுகிறது. கையெழுத்து, எழுத்துக்கூட்டல் ஆகிய இரண்டு சுமைகளும் ஒரே அடியில் இறங்கிவிடுவதால், முதல் முறை தம் கருத்து முழுவதும் திரையில் தோன்றுவதைக் காணும் மாணவருக்கு அது பெரும் விடுதலையாக இருக்கும். ஆனால் இதில் தமிழுக்கே உரிய ஒரு கடினம் இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். குழந்தை இயல்பாக ‘அவங்க நேத்து வந்தாங்க’ என்று சொன்னால், மென்பொருள் அதை அப்படியே எழுதும் அல்லது அரைகுறையாகத் திருத்தும். தேர்வுத்தாளில் ‘அவர்கள் நேற்று வந்தார்கள்’ என்று வர வேண்டும். எனவே எழுத்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் திறனைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். கதைகளை எழுத்துத் தமிழில் கேட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இது எளிதாக வரும். முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு வாக்கியம் வாக்கியமாக மாற்றும் முறையும் நல்லதே. அவசரப்பட்டுக் குழந்தையின் பேச்சுமொழியைக் குறையாகச் சுட்டினால், அது கருவியோடு சேர்த்துப் பேச்சையும் நிறுத்திவிடும்.

குழந்தைகளின் குரலைப் பெரியவர்களின் குரல் அளவுக்கு இம்மென்பொருள்கள் சரியாக உணர்வதில்லை என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அமைதியான இடம், வாயருகே ஒலிவாங்கி, வாக்கியத்தை மனத்தில் ஒருமுறை அமைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லுதல் ஆகிய மூன்றும் பிழையைக் குறைக்கும். எழுதி முடித்ததை, உரையைப் பேச்சாக்கும் மென்பொருளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது நான் மிகவும் மதிக்கும் ஓர் உத்தி. தாம் எழுதியதில் விட்டுப்போன சொல்லையும் முடியாத வாக்கியத்தையும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாத மாணவர், அதைக் காதால் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுகிறார்.

கருத்துகளை வரிசைப்படுத்துவதே அடைப்பு என்றால் மேற்சொன்ன எதுவும் போதாது. மையக் கருத்தைச் சுற்றிக் கிளைகளாகக் குறிப்பெழுதும் மனவரைபடம் அங்கே துணை செய்யும். அதற்கு வெள்ளைத்தாளே போதும். தாமே கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று எல்லோர் கையிலும் இருப்பதால் ஓர் எல்லையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கற்க வேண்டிய திறனை மாணவரிடமே விட்டுவிட்டு, அதற்குக் குறுக்கே நிற்கும் வேறொரு திறனை ஏற்றுக்கொள்ளும் வரைதான் அது உதவித் தொழில்நுட்பம். வரலாற்றுப் பதிலை மாணவர் வாயால் சொல்ல, கணினி எழுதினால் அது உதவி. பதிலையே கணினி யோசித்தால் அந்த மாணவர் வரலாறு கற்கவில்லை. அதே அளவுகோலின்படி, எழுத்துக்கூட்டலைச் சோதிக்கும் தேர்வில் பிழைதிருத்திக்கு இடமில்லை; அறிவியல் தேர்வில் அதை மறுப்பதற்குக் காரணமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சோதிப்பது?

பல பள்ளிகளும் குடும்பங்களும் இங்கேதான் வழி தவறுகின்றன: முதலில் கருவியை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு வேலை தேடுகிறார்கள். ஜாய் ஸபாலா என்னும் வல்லுநர் வகுத்த செட் என்னும் முறை இந்த வரிசையைத் திருப்பி அமைக்கிறது. முதலில் மாணவர்: அவருக்கு எது வரும், எது வராது, அவர் எதை விரும்புகிறார். அடுத்து சூழல்: வகுப்பில் சத்தம் எவ்வளவு, மின்வசதியும் இணையமும் உண்டா, யார் துணையிருப்பார்கள். பிறகு பணி: அவர் உண்மையில் செய்ய வேண்டியது என்ன, குறிப்பெடுப்பதா, பாடநூல் வாசிப்பதா, நீண்ட விடை எழுதுவதா. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே கருவி. சத்தமான வகுப்பில் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் பயன்படாது என்பது, வாங்கிய பிறகல்ல, இந்த உரையாடலிலேயே தெரிந்துவிடும்.

அந்த உரையாடலில் மாணவரும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பலவகைக் குறைபாடுகள் உள்ள பெரியவர்களிடம் நடத்தி 1993-இல் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வு, வாங்கிய உதவிக் கருவிகளில் ஏறக்குறைய 29 விழுக்காடு முழுமையாகக் கைவிடப்பட்டதைக் கண்டது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காமல் விட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பள்ளி மாணவர்களிடம் இத்துடன் கூச்சமும் சேர்கிறது. வகுப்பில் தான் மட்டும் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு தனியாகத் தெரிவதைவிட, தோல்வியே மேல் என்று நினைக்கும் வயது அது. வசதியை வகுப்பு முழுவதற்கும் திறந்து வைத்தால் கூச்சம் பெருமளவு தணியும். அறிமுகப்படுத்தும் பெரியவரின் தொனியும் முக்கியம். ‘உன்னால் முடியாததால் இது’ என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு கருவி, ஒரு பணி என்று தொடங்குங்கள். கருவி இல்லாமல் ஒரு பத்தியை வாசித்துச் சில கேள்விகளுக்கு விடை, அதே கடினமுள்ள வேறொரு பத்தியைக் கருவியோடு வாசித்து விடை. கருவி இல்லாமல் இருபது நிமிடத்தில் எழுதியது, கருவியோடு இருபது நிமிடத்தில் எழுதியது. இப்படிச் சில வாரங்கள் குறித்துவைத்தால் பயன் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். முதல் வாரத்து எண்களைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் கருவியைக் கற்பதே அப்போது ஒரு சுமையாக இருக்கும். மாணவரின் களைப்பையும் கவனியுங்கள். மதிப்பெண் மாறாவிட்டாலும், முன்பு இரண்டு மணி நேரம் பிடித்த வீட்டுப்பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்தால் அது பெரிய வெற்றி.

தேர்வுக்கு முந்தைய நாள் எந்தக் கருவியையும் கையில் கொடுக்காதீர்கள். தேர்வில் அனுமதி கிடைக்கக்கூடிய கருவி எது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே தேர்வு நடத்துவோரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே கருவியை, முடிந்தால் அதே சாதனத்தில், வகுப்பிலும் வீட்டிலும் ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டும். வகுப்பில் நாள்தோறும் பயன்படுத்தியதற்கான பதிவும், மேலே சொன்ன ஒப்பீட்டுக் குறிப்புகளும், அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.